உறை இழந்த நரம்பு

சேலத்திலிருந்து ஆத்தூர் நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையில் உள்ள ஊர் வாழப்பாடி. பாக்குத் தோப்புகளும் மரவள்ளிக் காடுகளும் சூழ்ந்த இப்பகுதியில், விளைநிலத்தின் நடுவே காட்டுக் கொட்டாய் கட்டிக் குடியிருப்போர் பலர். காவலுக்கு நாய் இல்லாத கொட்டாய் அரிது. நாய் உள்ள இடத்தில் நாய்க்கடியும் உண்டு. இங்குள்ள முதியோரிடம் அதைப் பற்றிப் பேச்செடுத்தால், ‘தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி’ என்ற சொல் தவறாமல் வரும். ஊசியின் வலியைச் சொல்லிவிட்டு, சிலர் குரலைத் தாழ்த்தி இன்னொன்றும் சொல்வார்கள். ஊசி போட்டுக் கொண்டவர்களில் எங்கோ ஓரிருவருக்குக் கால்கள் இரண்டும் விழுந்துவிட்டனவாம். அவர்களிலும் சிலர் மாதக்கணக்கில் படுக்கையில் கிடந்து, பின்னர் எழுந்து நடந்தார்களாம்.

இது வெறும் ஊர்க் கதையன்று. மருத்துவ நூல்களில் ஏறிய செய்தி. இதனுள் இரண்டு வினாக்கள் அடங்கியிருக்கின்றன. உயிரைக் காக்கப் போட்ட மருந்து காலை முடக்கியது ஏன்? முடங்கிய கால் மீண்டும் எழுந்தது எவ்வாறு? முதல் வினாவுக்கு விடை கிடைத்து நெடுநாளாயிற்று. இரண்டாவதற்கு விடை அண்மைக் காலத்தில்தான் சிறிது சிறிதாகத் தெளிந்து வருகிறது. மாணவ நேயர்களுக்கு இன்று நான் சொல்ல விரும்புவது பெரும்பாலும் அந்த இரண்டாவது விடையையே. ஆயினும் முதலாவதைத் தொடாமல் அதற்குப் போக இயலாது.

வெறிநாய்க்கடி நோய் ஒருவருக்கு வெளிப்பட்டுவிட்டால் அவர் பிழைப்பது மிக மிக அரிது. ஆகவே, கடித்த இடத்திலிருந்து நோய்க்கிருமியாகிய வைரஸ் மூளையைச் சென்று சேருமுன் உடலுக்கு எதிர்ப்பு ஆற்றலை ஊட்டிவிட வேண்டும். 1885ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் லூயி பாஸ்டர், ஜோசப் மைஸ்டர் என்ற சிறுவனுக்கு இம்முறையில் முதன்முதலாக ஊசி போட்டார். அவர் பயன்படுத்தியது நோய் கண்ட முயலின் உலர்த்திய தண்டுவடம். நம் நாட்டில் 1907ஆம் ஆண்டு நீலகிரியில் குன்னூரில் பாஸ்டர் நிலையம் தோன்றியது. 1911ஆம் ஆண்டு கசௌலியில் டேவிட் செம்பிள் என்ற மருத்துவர் எளிய முறை ஒன்றை வகுத்தார். வைரஸ் வளர்ந்த ஆட்டு மூளையை அரைத்துக் கரைத்து, பீனால் சேர்த்துக் கிருமியை அழித்து, அந்தக் கரைசலை ஊசி மூலம் செலுத்துவது அவர் முறை. பிற்காலத்தில் பீனாலுக்குப் பதிலாக வேறு வேதிப்பொருள் வந்தது; ஆட்டு மூளை மட்டும் மாறவில்லை. ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு காலம் நம் ஏழை மக்களை இந்நோயிலிருந்து காத்தது இந்த மருந்துதான் என்பதை மறந்துவிட்டு அதன் குறையை மட்டும் பேசுவது நன்றியன்று.

குறை எங்கே இருந்தது? மருந்தோடு ஆட்டின் மூளைப்பொருளும் உடலுக்குள் சென்றது. மூளையில் நிறைந்திருக்கும் ஒரு பொருள் மயலின். நரம்பிழையைச் சுற்றியுள்ள கொழுப்புறை அது. ஆட்டின் மயலினும் மனிதனின் மயலினும் ஏறக்குறைய ஒரே அச்சில் வார்த்தவை. நாள்தோறும் அயல் மயலினைக் கண்டு அதைப் பகையென்று பழகிய வெள்ளணுக்கள், சிலருடைய உடலில், சொந்த மூளையிலும் தண்டுவடத்திலும் உள்ள மயலினையே தாக்கத் தொடங்கிவிட்டன. 1933ஆம் ஆண்டிலும் 1935ஆம் ஆண்டிலும் நியூயார்க்கில் தாமஸ் ரிவர்ஸ் என்ற விஞ்ஞானியும் அவருடைய துணைவர்களும் வெளியிட்ட ஆராய்ச்சிகள் இதற்கு அடிகோலின. குரங்குகளுக்கு நோயற்ற முயலின் மூளையைத் திரும்பத் திரும்பச் செலுத்தியபோது, கிருமி எதுவும் இல்லாமலே அவற்றின் நரம்புறை அழிந்தது. சிலி நாட்டில் 1955ஆம் ஆண்டையொட்டி, பிறந்து சில நாளே ஆன சுண்டெலிக் குஞ்சின் மூளையிலிருந்து மருந்து செய்தார்கள். அந்த வயதில் குஞ்சின் மூளையில் மயலின் ஏறக்குறைய இல்லை. முடக்கமும் வெகுவாகக் குறைந்தது. 1984ஆம் ஆண்டு பெங்களூரில் தேசிய மனநல நரம்பியல் நிறுவனத்து மருத்துவர்கள் இத்தகைய நோயாளிகளைப் பற்றி விரிவாக எழுதினார்கள். 1987ஆம் ஆண்டு தாய்லாந்தில், முடங்கிய நோயாளிகளின் இரத்தத்தில் மயலினின் புரதத்தை எதிர்க்கும் பொருள்கள் இருப்பதைக் கண்டார்கள். வழக்கு அதோடு ஒருவாறு முடிந்தது. 2004ஆம் ஆண்டின் இறுதியில் இந்தியாவில் ஆட்டு மூளை மருந்தின் உற்பத்தி நிறுத்தப்பட்டது.

இன்று போடப்படும் மருந்து சோதனைச்சாலையில் வளர்க்கும் உயிரணுக்களிலிருந்து எடுக்கப்படுவது. அதில் மூளைப்பொருள் கிடையாது. தோள்பட்டையில் நான்கு அல்லது ஐந்து தவணைகளில் முடிந்துவிடும். பழைய கதையை நினைத்துக்கொண்டு இன்றும் ஊசிக்குத் தயங்கி, மந்திரிப்பவரிடம் போவோர் உண்டு; இடைச் செருகலாக இதைச் சொல்லி வைக்கிறேன். கடிவாயைச் சோப்பும் தண்ணீரும் கொண்டு கால் மணி நேரம் கழுவிவிட்டு, அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

இனி நரம்புறைக்கு வருவோம்.

வாழைமரத்தைக் குறுக்கே வெட்டிப் பார்த்திருப்பீர்கள். நடுவே வெண்மையான தண்டு. அதைச் சுற்றிப் பட்டை மேல் பட்டையாக அடுக்குகள். உறையிட்ட நரம்பிழையின் குறுக்கு வெட்டை எலெக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் கண்டால் கிட்டத்தட்ட அப்படித்தான் தோன்றும். ஆனால் வாழைப்பட்டைகள் தனித்தனியானவை. நரம்புறையோ ஒரே ஏடு, பாயைச் சுருட்டினாற்போலப் பல சுற்றுச் சுற்றியது. நீளவாட்டில் பார்த்தால் உவமையை மாற்ற வேண்டும். கரும்பிலே கணுவுக்குக் கணு இடைவெளி இருப்பது போல, உறையும் துண்டு துண்டாகவே இருக்கிறது. இரு துண்டுகளுக்கு நடுவே நரம்பிழை மிகச் சிறிது தூரம் உறையின்றி வெறுமையாக நிற்கும். இதைக் கண்டறிந்த பிரெஞ்சு அறிஞரின் பெயரால் ரன்வியர் கணு என்று வழங்குகிறோம். நரம்பின் மின்துடிப்பு இழை முழுவதும் ஊர்ந்து செல்வதில்லை. கணுவுக்குக் கணு தாவிச் செல்கிறது.

தாவுவதால் என்ன இலாபம்? உறையில்லாத மெல்லிய நரம்பில் துடிப்பு வினாடிக்கு ஒரு மீட்டர் அளவே செல்லும். உறையிட்ட தடித்த நரம்பில் நூறு மீட்டரையும் எட்டும். சடுகுடு ஆடுகிறவன் பிடிக்க வரும் கையைக் கண்டு காலை இழுத்துக்கொள்வதாக வைத்துக்கொள்ளுங்கள். மூளையின் கட்டளை காலுக்குச் சேர ஒரு வினாடிக்கு மேல் ஆகுமானால் அவன் ஆட்டம் அப்போதே முடிந்தது. உறையின்றியே வேகம் பெற ஒரு வழி உண்டு, நரம்பைத் தடிமனாக்கிவிடலாம். கணவாய் இனத்துக் கடலுயிர் ஒன்றில் அரை மில்லிமீட்டர் தடிமனுள்ள நரம்பிழை இருக்கிறது. அத்தனை தடிமன் இருந்தும் அதில் துடிப்பின் வேகம் வினாடிக்கு இருபத்தைந்து மீட்டர் அளவே. நம்முடைய தடித்த இழையோ உறையையும் சேர்த்து ஒரு மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்குதான். கணவாயின் முறையை நாம் பின்பற்றியிருந்தால் நம் தண்டுவடம் முதுகில் அடங்கியிராது.

உறை போனால், பம்புசெட்டுக்குப் போகும் கம்பியின் ரப்பரை எலி கடித்தது போன்ற நிலை. துடிப்பு மெதுவாகும், அல்லது வழியிலேயே நின்றுவிடும். கால் விழும்; பார்வை மங்கும். ஆனால் கம்பி இன்னும் அறுபடவில்லை. உள்ளிருக்கும் இழை உயிரோடு இருக்கும் வரையில் உறையை மீண்டும் போட்டுவிட்டால் ஓட்டம் திரும்பும். காலம் தாழ்ந்தால் இழையும் நலிந்து அறும். மூளையிலும் தண்டுவடத்திலும் அறுந்த நீண்ட இழை மீண்டும் வளர்ந்து பழைய இடத்தைச் சேர்வதில்லை. ஆகவே உறையைச் செப்பனிடும் வேலை, காலத்தோடு நடக்கும் ஒரு பந்தயம்.

செப்பனிடுவோர் யார்? மயலின் என்ற பெயரை 1854ஆம் ஆண்டு இட்டவர் ஜெர்மானிய மருத்துவ மேதை ருடால்ப் விர்க்கோ. நரம்பணுக்களுக்கிடையே உள்ள பொருளை, அவற்றை ஒட்டவைக்கும் வெறும் பசை என்று கருதி, ‘நரம்புப் பசை’ என்ற பொருள்படும் பெயரை 1856ஆம் ஆண்டு கொடுத்தவரும் அவரே. பெயர் நிலைத்தது, கருத்து நிலைக்கவில்லை. அது பசையன்று, உயிரணுக்களின் கூட்டம் என்று பின்னர் தெரிந்தது. மாட்ரிட் நகரில் பீயோ டெல் ரீயோ ஓர்த்தேகா என்பவர் வெள்ளி உப்பால் சாயமேற்றும் நுட்பம் ஒன்றைக் கையாண்டு, 1919ஆம் ஆண்டு ஒரு வகையையும், 1921ஆம் ஆண்டு இன்னொரு வகையையும் பிரித்துக் காட்டினார். முன்பே தெரிந்திருந்த ஒன்றோடு இவற்றைச் சேர்த்தால் மூன்று வகை. அவற்றுக்கு நாம் தமிழில் பெயர் வைத்துக்கொள்வோம்.

சில கிளைகளே உடையது சிறுகிளையணு. உறையைச் சுற்றுகிற தொழிலாளி இதுதான். தன் கிளைகளை நாற்புறமும் நீட்டி, ஒரே அணு நாற்பது ஐம்பது துண்டு உறைகளைக் கூடச் சுற்றிவிடும். விண்மீன் வடிவில் கதிர்களை நீட்டி நிற்பது விண்மீனணு; நரம்பணுவுக்கு உணவும் உப்பும் அளந்து கொடுப்பது இதன் வேலை. மூன்றாவது மிகச் சிறியது, ஓயாமல் துழாவிக்கொண்டிருப்பது; செத்ததையும் கெட்டதையும் விழுங்குவது. அதைத் துப்புரவணு என்போம். இம்மூன்றும் அல்லாமல் மூளையெங்கும் தூவிக் கிடக்கும் முன்னோடியணுக்கள் உள்ளன. இவை நாற்றங்காலில் நிற்கும் நாற்றுகள். வேண்டும்போது முதிர்ந்து சிறுகிளையணுக்களாகும்.

வளர்ந்த உயிரின் மூளையிலும் தண்டுவடத்திலும் அழிந்த உறை திரும்பாது என்றே நெடுங்காலம் நம்பினார்கள். 1961ஆம் ஆண்டு அமெரிக்காவில் ரிச்சர்டு பஞ்சு, மேரி பஞ்சு என்ற தம்பதியரும் ஹான்ஸ் ரிஸ் என்பவரும் ஒரு செய்தியை வெளியிட்டார்கள். பூனையின் தண்டுவடத்தைச் சூழ்ந்த நீரை ஊசிக்குழலால் இழுத்தும் செலுத்தியும் அதன் ஓரத்து உறைகளை அவர்கள் அழித்தார்கள். மாதங்கள் சென்றபின் பார்த்தபோது புது உறை சுற்றியிருந்தது. பழையதைவிட மெல்லியது, துண்டுகளும் குட்டையானவை, ஆனால் உறைதான். ஊசியால் முடங்கிய மனிதர் எழுந்து நடந்ததற்கு இங்கேதான் ஒரு விளக்கம் தொடங்குகிறது. அவர்கள் தேறியதற்கு வீக்கம் வடிந்ததும் ஒரு காரணமே. ஆனால் அவர்களுக்கு வாய்த்த பெரும் நன்மை வேறொன்று. ஊசியை நிறுத்தியதும் தாக்குதல் ஒருமுறையோடு ஓய்ந்தது. செப்பனிடும் அணுக்களுக்கு அமைதியான காலம் கிடைத்தது. எல்லாருக்கும் அது வாய்க்கவில்லை. இறந்தவர்கள் உண்டு, கடைசிவரை முடங்கியே இருந்தவர்களும் உண்டு.

உறை சுற்றுவது சிறுகிளையணு என்றால், மற்றவை வேடிக்கை பார்ப்பவை என்று எண்ணிவிடலாகாது. கடந்த இருபது முப்பது ஆண்டு ஆராய்ச்சி காட்டும் உண்மை இதற்கு நேர்மாறானது. செப்பனிடுதல் நடக்குமா நடவாதா என்பதைப் பெரும்பாலும் அண்டையில் உள்ள அணுக்களே முடிவு செய்கின்றன.

மரவள்ளிக் கிழங்கைப் பிடுங்கிய காட்டில், பழைய குச்சியையும் வேரையும் அகற்றாமல் புதுக் குச்சி நடுவார் உண்டோ? அழிந்த உறையின் சிதைவுகள் அந்தக் குச்சிகளைப் போன்றவை. அவை வெறுமனே இடத்தை அடைத்துக்கொண்டிருப்பதோடு நிற்பதில்லை. முன்னோடியணு முதிர்வதையே தடை செய்கின்றன. ஆகவே முதலில் துப்புரவணுக்களும், இரத்தத்திலிருந்து வந்து சேரும் விழுங்கணுக்களும் களத்தைச் சுத்தம் செய்ய வேண்டும். தொடக்கத்தில் இவை போர்க்கோலம் பூண்டு, அழற்சியூட்டும் பொருள்களை உமிழ்கின்றன. அந்த நிலையில் முன்னோடியணுக்கள் பெருகும், ஆனால் முதிர மாட்டா. பின்னர் துப்புரவணுக்கள் தம் குணத்தை மாற்றிக்கொள்கின்றன. 2013ஆம் ஆண்டு எடின்பரோவிலிருந்து வெளிவந்த ஆராய்ச்சி, இந்த மாற்றத்துக்குப்பின் அவை ஆக்டிவின் என்ற புரதத்தைச் சுரக்கின்றன என்றும், அதுவே முன்னோடியணுவை முதிரச் செய்யும் குறிப்புகளில் ஒன்று என்றும் காட்டியது. அதே அணு முதலில் போர்வீரன், பிறகு மேஸ்திரி. போர்வீரனாகவே இருந்துவிட்டால் வீடு எழும்பாது. போர்வீரனாக ஆகாமலே இருந்தாலும் எழும்பாது. அழற்சியை அடியோடு ஒடுக்கிவிட்டால் நலம் என்று எண்ணியவர்களுக்கு இது ஒரு படிப்பினையாயிற்று.

அடுத்தது பொருள் வழங்கல். மயலினின் உலர்ந்த எடையில் முக்கால் பங்கு அளவு கொழுப்பு. அதில் கொலஸ்டிரால் தலையாயது. உடலின் எடையில் இரண்டு விழுக்காடே உள்ள மூளையில் உடலின் கொலஸ்டிராலில் நான்கில் ஒரு பங்கு அளவு அடங்கியிருக்கிறது. ஆனால் நாம் உண்ணும் நெய்யிலிருந்து அது அங்குச் செல்வதில்லை; இரத்தத்துக்கும் மூளைக்கும் இடையே உள்ள தடுப்பை அது தாண்டாது. நெய் தின்றால் மூளை வளரும் என்று சொல்லும் பாட்டிமார் மன்னிக்க வேண்டும். மூளை தனக்கு வேண்டியதைத் தானே உண்டாக்கிக் கொள்கிறது. அதில் விண்மீனணுவுக்குப் பெரும் பங்கு உண்டு. காயம் பட்ட இடத்தில் விண்மீனணு முதலில் தன்னைக் காத்துக்கொள்ள முனைகிறது. நச்சுப் பொருள்களை எதிர்க்கும் ஏற்பாடுகளை முடுக்கிவிடுகிறது. அந்த நிலையிலேயே அது நீடித்தால் கொலஸ்டிராலை உண்டாக்கி வெளியே தரும் பணி குறைந்து, புதிய சிறுகிளையணுக்கள் மாண்டு போகின்றன என்று 2023ஆம் ஆண்டு வெளியான ஆராய்ச்சி ஒன்று தெரிவித்தது. இன்னும் நீண்ட காலம் சென்றால் விண்மீனணுக்கள் தழும்பாக இறுகி, முன்னோடியணுக்களைத் தடுக்கும் பொருள்களையும் சேர்த்து வைக்கின்றன. கொடுப்பதும் இவையே, தடுப்பதும் இவையே.

முதுமையில் இந்த ஏற்பாடு தளர்கிறது. ஏன்? 2018ஆம் ஆண்டு ஜெர்மனியிலிருந்து வந்த ஆராய்ச்சி, முதிய சுண்டெலியின் விழுங்கணுக்களைத் திறந்து பார்த்தது போல ஒரு விடை தந்தது. அவை பழைய உறையை விழுங்கிவிடுகின்றன. ஆனால் அதிலுள்ள கொலஸ்டிராலை வெளியேற்ற மாட்டாமல் திணறுகின்றன. அது உள்ளே படிகமாக, ஊசி ஊசியாக, உறைந்து அணுவின் உட்பைகளைக் கிழிக்கிறது. அழற்சி தணிவதற்குப் பதிலாக நீள்கிறது. இதற்கு முன்பே, 2012ஆம் ஆண்டில், கேம்பிரிட்ஜிலும் ஹார்வர்டிலும் உள்ள விஞ்ஞானிகள் வியப்பான சோதனை ஒன்றை நடத்தியிருந்தார்கள். ஒரு கிழ எலியையும் ஓர் இளம் எலியையும் அறுவை மூலம் இணைத்து, இரண்டுக்கும் ஒரே இரத்த ஓட்டம் ஆக்கினார்கள். இளம் எலியின் விழுங்கணுக்கள் கிழ எலியின் காயத்துக்குள் சென்று சிதைவை அகற்றின. கிழ எலியின் நரம்புறை முன்னைவிட நன்றாகத் திரும்பியது. உறை சுற்றியது கிழ எலியின் சொந்த முன்னோடியணுக்களே! அவற்றிடம் ஆற்றல் அடியோடு போய்விடவில்லை. அண்டை அயலார் மாறியதும் அவை வேலை செய்தன. முன்னோடியணுக்களுக்கும் மூப்பு உண்டு என்பது வேறு. 2019ஆம் ஆண்டு கேம்பிரிட்ஜ் விஞ்ஞானிகள், ஒருநாள் விட்டு ஒருநாள் உணவின்றி இருப்பதும், நீரிழிவு நோயாளிகள் பலர் அறிந்த மெட்பார்மின் மருந்தும், கிழ எலியின் முன்னோடியணுக்களுக்கு முதிரும் திறனை மீட்டுத் தந்ததைக் கண்டார்கள். எலிக்குப் பலித்ததெல்லாம் மனிதருக்குப் பலிப்பதில்லை. மாத்திரையைத் தேடி யாரும் இன்றே கிளம்ப வேண்டியதில்லை.

இந்த ஆராய்ச்சிகளுக்கு இவ்வளவு ஊக்கம் ஏன்? ஆட்டு மூளை மருந்தால் வந்த முடக்கம் இன்று மறைந்துவிட்டது. ஆனால் எந்த ஊசியும் இன்றி, தன் மயலினைத் தானே தாக்கும் நோய் ஒன்று உலகில் இருக்கிறது. பாரிசில் ஷார்க்கோ என்ற பேராசிரியர் 1868ஆம் ஆண்டு தெளிவாக வரையறுத்த அந்நோயை மருத்துவர்கள் மல்ட்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்பார்கள். குளிர் நாடுகளில் மிகுதி. நம் நாட்டில் குறைவு, ஆனால் இல்லாமலில்லை. இருபது முப்பது வயதில், பெண்களிடம் கூடுதலாக, இது தொடங்குகிறது. ஆட்டு மூளை மருந்தால் முடங்கியவருக்குத் தாக்குதல் ஒருமுறையோடு ஓய்ந்தது. இவர்களுக்கோ மீண்டும் மீண்டும் வருகிறது. ஒவ்வொரு முறையும் துப்புரவும் நாற்றும் நடவும் தொடங்கி, பாதியில் அடுத்த தாக்குதல் வந்து சேர்கிறது. தாக்குதலைக் குறைக்கும் மருந்துகள் இப்போது பல உள்ளன. உறையைத் திரும்பச் சுற்றவைக்கும் மருந்துதான் இன்னும் கைக்கு வரவில்லை.

அதற்காகச் செய்த முயற்சிகளில் ஒன்றைச் சொல்கிறேன். மூக்கொழுகலுக்குக் கொடுக்கும் கிளெமாஸ்டின் என்ற பழைய மருந்து, முன்னோடியணுக்களை முதிரச் செய்வதாகச் சோதனைச்சாலையில் தெரிந்தது. கண் நரம்பின் உறை நெடுநாள் கெட்டிருந்த ஐம்பது நோயாளிகளுக்கு அமெரிக்க மருத்துவர்கள் அதைக் கொடுத்துப் பார்த்து, 2017ஆம் ஆண்டு முடிவை வெளியிட்டார்கள். கண்ணில் காட்டிய காட்சியின் துடிப்பு மூளையைச் சேர எடுக்கும் நேரத்தை அளந்தபோது, அது முன்னைவிடச் சற்றுக் குறைந்திருந்தது. குறைந்த அளவு, ஒரு வினாடியை ஆயிரமாகப் பகுத்தால் அதில் இரண்டு பங்குக்கும் சிறிது குறைவு. நோயாளி தன் பார்வையில் பெரிதாக எதையும் உணர்ந்திருக்க மாட்டார். மருத்துவர்களுக்கோ அந்தச் சிறு எண் பெரிது; மனிதரில் நெடுநாள் உறை இழந்து கிடந்த நரம்பு, மருந்து ஒன்றால் மீண்டும் உறை பெற்றிருக்கக் கூடும் என்பதற்கு அவர்கள் கையில் இருந்த சான்று அதுதான்.